ஓபன் கோல்ஃப் பிறந்த ஊர் பிரெஸ்ட்விக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டியின் வரலாறு பற்றி வந்த கட்டுரையில், ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பிழைகள் இருந்தன. முதல் ஓபன் 1860-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்ததாகவும், 18 குழி மைதானத்தில் நடந்ததாகவும், பரிசு கிளாரெட் ஜக் என்ற வெள்ளிக் கூஜா என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆண்டு மட்டும்தான் சரி. நடந்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அயர்ஷயரில் உள்ள பிரெஸ்ட்விக் கோல்ஃப் கிளப். குழிகள் 12. பரிசு, இடுப்பில் கட்டும் ஒரு தோல் பெல்ட். சின்னப் பிழைதானே என்று விட்டுவிட முடியாது. இந்த மூன்றும் தெரியாவிட்டால், அதே கட்டுரையின் அடியில் நீங்கள் போட்டிருந்த வெற்றியாளர் பட்டியல் யாருக்கும் புரியாது.

பிரெஸ்ட்விக் கிளப் 1851 ஜூலை 2 அன்று ரெட் லயன் என்ற விடுதியில் கூடி, 57 உறுப்பினர்களோடு தொடங்கப்பட்டது. எக்லின்டன் பிரபு முதல் கேப்டன். பழமையான கிளப் என்று அதைச் சொல்ல முடியாது. நம் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-லேயே வந்துவிட்டது. அதற்கு 22 வயது ஆன பிறகுதான் பிரெஸ்ட்விக் பிறந்தது. ஆனால் போட்டி நடத்துவது என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொடுத்த கிளப் இதுதான்.

கிளப்பின் முக்கியஸ்தர் ஜேம்ஸ் ஃபேர்லி, மைதானம் அமைக்கவும் பராமரிக்கவும் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து டாம் மாரிஸ் என்ற, கோல்ஃப் பந்து செய்யும் தொழிலாளியை வரவழைத்தார். பின்னாளில் இவர் மகனுக்கும் அதே பெயர் இருந்ததால் அப்பா பெரிய டாம், மகன் சின்ன டாம். பெரிய டாமின் கைக்குக் கிடைத்தது ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடுகள் நிறைந்த ஒரு குறுகிய நிலம். 18 குழிக்கு இடம் இல்லை, 12 போட்டார். மொத்த நீளம் 3,799 கெஜம். அந்தச் சின்ன இடத்துக்குள் இவ்வளவு நீளத்தை அடக்க, ஒரு குழிக்குப் போகும் பாதை இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும்படி வளைத்துப் போட வேண்டியிருந்தது. அன்று 12 என்பது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. நிலம் எவ்வளவோ அவ்வளவு குழி. எடின்பரோ அருகே லீத்தில் 5 குழிகளில் ஆடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸே 1764 வரை 22 குழிகளாக இருந்து 18-க்குக் குறைந்ததுதான். குழியின் வாய் நாலேகால் அங்குலம் என்ற கணக்குகூட எல்லோருக்கும் பொதுவானது 1891-ல்தான்.

பெரிய டாம் செயின்ட் ஆண்ட்ரூஸை விட்டு வந்ததற்குப் பின்னால் ஒரு பந்துச் சண்டை உண்டு. அதுவரை கோல்ஃப் பந்து என்பது தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு நாளைக்கு நாலைந்து பந்து செய்தாலே அதிகம். நனைந்தால் தையல் விட்டுப்போகும். 1848 வாக்கில் மலாய்க் காடுகளின் மரப்பாலான கட்டபார்ச்சாவில் செய்த பந்து வந்தது. வெந்நீரில் போட்டால் இளகும், கையால் உருட்டி அச்சில் அழுத்தினால் பந்து தயார். விலை இறகுப் பந்தில் பாதிகூட இல்லை. டாமின் முதலாளி ஆலன் ராபர்ட்சன் இறகுப் பந்தில் பிழைத்தவர். டாம் புதுப் பந்தில் ஆடியதைப் பார்த்ததும் உறவு முறிந்தது. புதுப் பந்திலும் குறை இருந்தது. வழவழவென்று இருக்கும்போது காற்றில் எழும்பாமல் மூக்குக் குத்தி விழும். அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்த பிறகே புதுப் பந்தைச் சுத்தியலால் கொத்திக் கோடு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். குளிரில் சில பந்துகள் அடித்த அடியில் துண்டாகும். அதற்கும் ஒரு விதி: பெரிய துண்டு எங்கே கிடக்கிறதோ அங்கே புதுப் பந்தை வைத்து ஆடலாம்.

ராபர்ட்சன் 1859-ல் இறந்தார். அவர் இருக்கும்வரை யார் சிறந்த ஆட்டக்காரர் என்ற கேள்வியே எழவில்லை. அந்த நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்யத்தான் பிரெஸ்ட்விக் கிளப் போட்டியை அறிவித்தது. 1860 அக்டோபர் 17, புதன்கிழமை. வந்தவர்கள் 8 பேர். எல்லோரும் கேடிகள் (ஆடுபவரின் மட்டைகளைச் சுமப்பவர்கள்), பந்து செய்பவர்கள், மட்டை செய்பவர்கள், மைதானம் பார்த்துக்கொள்பவர்கள். ஒவ்வொரு ஜோடியுடனும் ஸ்கோர் எழுத ஒருவரை அனுப்பினார்கள். தொழில்முறை ஆட்டக்காரன் தன் கணக்கைத் தானே சொன்னால் நம்பக் கூடாது என்ற துரைமார்களின் நினைப்பும் அதில் இருந்திருக்கும். ஆனால் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இன்றும் போட்டியில் உங்கள் கார்டை நீங்கள் எழுத முடியாது, உடன் ஆடுபவர் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரே நாளில் 12 குழிகளை மூன்று சுற்று. மஸல்பரோவைச் சேர்ந்த வில்லி பார்க் 55, 59, 60 என்று மொத்தம் 174 ஸ்ட்ரோக்கில் வென்றார். ஸ்ட்ரோக் என்பது பந்தை அடிக்கும் ஓர் அடி; குறைவாக எடுத்தவரே வெற்றியாளர். சொந்த மைதானத்தில் ஆடிய பெரிய டாமுக்கு 176. ரொக்கப் பரிசு ஒரு பைசா கிடையாது. பெல்ட்டை ஓர் ஆண்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த முதல் போட்டியில் அமெச்சூர்களுக்கு இடமில்லை. 1861-ல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆகவே கறாராகப் பார்த்தால் 1860 போட்டி ‘ஓபன்’ ஆகவே இல்லை.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 1860-ல் 174, 1870-ல் 149, 2000-க்குப் பிறகு 270, 280 என்று எண்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. படிப்பவர் என்ன நினைப்பார்? அந்தக் காலத்தவர்கள் நம்மைவிட நூறு ஸ்ட்ரோக் குறைவாக ஆடியிருக்கிறார்கள் என்றுதானே? 1891 வரை ஓபன் என்றால் 36 குழி, 1892-லிருந்து 72. பட்டியலில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு இதைக் குறித்துவிட்டால் போதும். குழிக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: வில்லி பார்க்கின் 174 என்பது குழிக்கு 4.83, பத்து ஆண்டு கழித்து சின்ன டாமின் 149 என்பது 4.14. அந்த 36-க்குள்ளும் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. பிரெஸ்ட்விக்கில் 12 குழி மூன்று சுற்று. செயின்ட் ஆண்ட்ரூஸில் 18 குழி இரண்டு சுற்று. மஸல்பரோவில் 9 குழி நான்கு சுற்று. மூன்று மைதானத்திலும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது. பிரெஸ்ட்விக் பின்னர் நிலம் சேர்த்து 18 குழியாக வளர்ந்ததால் 1884 ஓபனிலிருந்து அங்கும் இரண்டு சுற்றுதான்.

பெல்ட் கதையைக் கட்டுரை தொடவே இல்லை. ஓபனின் இன்றைய அமைப்பு முழுவதும் அதிலிருந்து வந்தது. சிவப்பு மொராக்கோ தோல், அகன்ற வெள்ளிக் கொக்கி. செலவு 25 பவுண்டு. வென்றவன் அதை உடனே இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட முடியாது. அடுத்த ஆண்டு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைப்பேன் என்பதற்குக் கமிட்டி ஒப்புக்கொள்ளும் ஜாமீன் காட்ட வேண்டும். காட்டும்வரை பெல்ட் பொருளாளரிடமே இருக்கும். நம் ஊர்க் கபடி, கைப்பந்துப் போட்டிகளில் சுழற்கோப்பையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்களே, அதே முறை. தொடர்ந்து மூன்று முறை வென்றால் பெல்ட் சொந்தம் என்ற விதியும் சேர்ந்தே இருந்தது.

இந்த விதியை எழுதியவர்கள் அது நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய டாம் 1861-லும் 1862-லும் அடுத்தடுத்து வென்றார். இரண்டாவது முறை 13 ஸ்ட்ரோக் வித்தியாசம். 1863-ல் வில்லி பார்க் குறுக்கே வந்து பெல்ட்டைக் காப்பாற்றிக் கொடுத்தார். 1867-ல் 46 வயதில் பெரிய டாம் நான்காம் முறை வென்றார். அடுத்த ஆண்டு 17 வயது மகன். 1869-லும் அவனே. 1870 போட்டியின் முதல் குழி 578 கெஜம். ஆறு ஸ்ட்ரோக்கில் முடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சின்ன டாம் மூன்றாவது ஸ்ட்ரோக்கிலேயே பந்தைக் குழியில் போட்டான். பந்தை ஏற்றி வைக்க டீ குச்சி கிடையாது, ஈர மணலை ஒரு சிட்டிகை எடுத்துக் குவித்து அதன்மேல் பந்தை வைக்க வேண்டும், மட்டைக்கு ஹிக்கரி மரப் பிடி, கட்டபார்ச்சா பந்து. 47, 51, 51, மொத்தம் 149. 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பெல்ட்டை நிரந்தரமாக வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கிளப்பிடம் பரிசு இல்லை. 1871-ல் போட்டியும் இல்லை. மூன்று முறை வென்றால் கோப்பை சொந்தம் என்று விதி எழுதுகிற நம் போட்டிக் கமிட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்த கோப்பைக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே தாளில் எழுதிவைக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து, 1970-ல் பிரேசில் மூன்றாம் முறை வென்று உலகக் கோப்பைக் கால்பந்தின் ஜூல்ஸ் ரிமே கோப்பையை எடுத்துக்கொண்டபோது, அங்கும் புதுக் கோப்பை செய்ய வேண்டி வந்தது.

1872-ல் பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கிளப், மஸல்பரோவில் ஆடிவந்த எடின்பரோ கோல்ஃபர்கள் சங்கம் ஆகிய மூன்றும் தலைக்கு 10 பவுண்டு போட்டு, 30 பவுண்டில் வெள்ளிக் கூஜா ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். போட்டியை முறைவைத்து நடத்தவும் ஒப்புக்கொண்டார்கள். கிளாரெட் ஜக் அப்போதுதான் வருகிறது. முறைவைத்து மைதானம் மாற்றும் வழக்கமும் அப்போது வந்ததே. அதற்கு முந்தைய 11 போட்டிகளும் பிரெஸ்ட்விக்கிலேயே நடந்தன. இதிலும் உங்கள் பட்டியல் ஓரிடத்தில் சறுக்குகிறது. 1872 போட்டியில் கூஜா தயாராகவில்லை. நான்காம் முறையாக வென்ற சின்ன டாமுக்கு மெடல்தான் கொடுத்தார்கள். கூஜாவைக் கையில் வாங்கிய முதல் ஆள் 1873-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் வென்ற டாம் கிட். ஆனால் கூஜாவில் முதலில் பொறிக்கப்பட்டிருப்பது சின்ன டாமின் பெயர். அவர் 1875 கிறிஸ்துமஸ் அன்று 24 வயதில் இறந்தார். அசல் கூஜா 1927 போட்டிக்குப் பிறகு ஆர் அண்ட் ஏ கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. வெற்றியாளர் முத்தமிடுவது நகல்.

இத்தனை செய்த கிளப்பில் 1925-க்குப் பிறகு ஏன் ஓபன் நடக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் மைதானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் அழகே கண்ணுக்குத் தெரியாத இலக்குகள்தான். ஐந்தாம் குழிக்கு ‘ஹிமாலயா’ என்று பெயர். டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றால் எதிரே மணல்மேடு மட்டும் தெரியும்; மேட்டின் முகத்தில் வண்ண வட்டங்கள் பதித்திருப்பார்கள், நீங்கள் நிற்கும் டீயின் நிறத்துக்குரிய வட்டத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். 17-ஆம் குழி ‘ஆல்ப்ஸ்’, 1851-லிருந்தே இருப்பது. இரண்டாவது ஸ்ட்ரோக் மேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு) முன்னால் ‘சஹாரா’ என்ற பெரிய பங்கர், அதாவது மணல் பள்ளம், ஒளிந்திருக்கிறது. குறைவாக அடித்தவன் மேடேறிப் பார்த்தால்தான் தன் கதி தெரியும். ஆடி முடித்தவர்கள் கிரீனை விட்டு இறங்கியதும் மணி அடிக்க வேண்டும். அடிக்க மறந்தால் பின்னால் வருபவர் காத்துக்கொண்டே நிற்பார், அல்லது பொறுமையிழந்து அடித்து யார் தலையையாவது பதம் பார்ப்பார்.

எட்டுப் பேர் ஆடும்போது இது சுவாரஸ்யம். 1925-ல் ரயில் ரயிலாக ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா போன மெக்டொனால்ட் ஸ்மித் மூன்று சுற்று முடிவில் 221. ஜிம் பார்ன்ஸைவிட 5 குறைவு. பார்ன்ஸ் முன்னதாகவே முடித்து 300 என்று கார்டு கொடுத்துவிட்டார். ஸ்மித்துக்குத் தேவை 78. தங்கள் ஊர்க்காரன் ஜெயிப்பதைப் பார்க்கக் கூட்டம் முழுவதும் அவர் பின்னாலேயே ஓடியது. கிரீனைச் சுற்றி வளைத்துக்கொண்டது, பாதையை அடைத்தது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் வழி விலக்க அவர் நிற்க வேண்டியிருந்தது. 82 எடுத்தார். 303-ல் முடித்து நான்காம் இடம். ஆதரவு தெரிவிக்க வந்த கூட்டமே ஆட்டத்தைக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கோல்ஃபில் கிடையாது. மறு ஆண்டு முதல் நுழைவுச் சீட்டு வந்தது. ஓபனை முறைவைத்து நடத்தும் மைதானங்களின் பட்டியலிலிருந்து பிரெஸ்ட்விக் போனது. பக்கத்து ஊரில் உள்ள ராயல் ட்ரூன் கிளப் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது; இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பிரெஸ்ட்விக்குக்கு ‘ராயல்’ பட்டமும் கிடையாது. ஆனாலும் அங்கு நடந்தவை 24 ஓபன்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தவிர வேறெந்த மைதானமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

அடுத்த ஜூலையில் இந்தப் பட்டியலை மறுபடி வெளியிடும்போது மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். 1860 முதல் 1870 வரை இடம் என்ற பத்தியில் பிரெஸ்ட்விக் என்றும் பரிசு பெல்ட் என்றும் போடுங்கள். 1892-க்கு மேலே ஒரு கோடு போட்டு 36, 72 என்று குழிக் கணக்கைக் குறியுங்கள். போட்டி நடக்காத ஆண்டுகளை மொத்தமாக ‘போர் காரணமாக ரத்து’ என்று போட்டிருக்கிறீர்கள். 1915 முதல் 1919 வரையும் 1940 முதல் 1945 வரையும் போர், 2020-ல் கொரோனா, 1871-ல் பரிசு கைவசம் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்