லிவர்பூல் ஓவர்ஹெட் ரயிலை மூட வெச்சது காரும் பஸ்ஸும் இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல இடிச்சுட்ட பழைய ரயில்வே ஸ்டேஷன்கள் பத்தின கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா லிவர்பூல் பியர் ஹெட் ஸ்டேஷனுக்கு வந்ததும் "காரும் பஸ்ஸும் வந்து கூட்டம் குறைஞ்சதால மூடிட்டாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அதத்தான் ஒத்துக்க முடியல. நான் இந்த ஊர்ல குடும்பத்தோட இருக்கேன், இங்க டாக்ல, அதாவது கப்பல்ல சரக்கு ஏத்தி எறக்குற துறையில, வேலை பாத்த பெருசுங்ககிட்ட இப்படிச் சொன்னா சண்டைக்கே வந்துருவாங்க.

மொதல்ல அது ஒத்தை ஸ்டேஷன் இல்ல, ஆறரை மைல் நீளத்துக்கு டாக்குங்கள ஒட்டியே ரோட்டுக்கு மேல இரும்புத் தூண்ல போன ஒரு முழு லைன், லிவர்பூல் ஓவர்ஹெட் ரயில்வேன்னு பேரு. கீழ குதிரை வண்டியும் சரக்கு ரயிலும் ரோட்ட அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, நடந்து போறவனுக்கே வழி கெடையாது, அதான் மேல தூக்கிட்டாங்க. 1893 பிப்ரவரி 4-ம் தேதி முன்னாள் பிரதமர் லார்ட் சாலிஸ்பரி தொறந்து வெச்சார், மார்ச்ல ஜனங்களுக்கு ஓட ஆரம்பிச்சது. கட்டினவங்க சர் டக்ளஸ் ஃபாக்ஸும் ஜேம்ஸ் கிரேட்ஹெட்டும், லண்டன்ல தேம்ஸுக்கு அடில டனல் போட்டாரே அதே கிரேட்ஹெட்தான். நியூயார்க்லயும் சிகாகோவுலயும் மேல ஓடின ரயிலெல்லாம் அப்ப கரி இஞ்சின், இது மட்டும் மொத நாள்லேர்ந்தே கரண்ட்ல ஓடுச்சு, உலகத்துலயே மொதல் தடவை. கட்டுரைல இதையாவது சொல்லியிருக்கலாம்.

பியர் ஹெட் ஸ்டேஷன் வாட்டர் ஸ்ட்ரீட் முடியுற எடத்துல இருந்துச்சு. இன்னிக்கு டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுக்குற லிவர் பில்டிங் 1911-லதான் வந்துச்சு, ஸ்டேஷன் அதுக்கும் முன்னாடியே இருந்தது. ஃபெர்ரில வந்து எறங்குறவங்க, டிராம் புடிக்கிறவங்க, டாக்குக்கு வேலைக்குப் போறவங்க எல்லாம் அங்கதான். டாக் சுவர் அவ்ளோ உசரம்ங்கிறதால ரோட்டுல நின்னா உள்ள ஒண்ணும் தெரியாது, ரயில்ல ஏறினா அத்தனை கப்பலும் தெரியும். கம்பெனியும் விடல, கப்பல் பாக்க வாங்கன்னு போஸ்டர் போட்டே டூரிஸ்ட் கூட்டம் சேத்தாங்க. ஒரு காலத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 2 கோடி பேர் போயிருக்காங்க. மழை வந்தா தொழிலாளிங்க லைனுக்கு அடிலயே ஒதுங்கிப்பாங்களாம், அதனால டாக்காரன் குடைன்னே பேரு வெச்சுட்டாங்க.

சரி, ஏன் மூடினாங்க? துருதான் சார். தண்டவாளத்துக்கு அடில வளைஞ்ச இரும்புத் தகடு வரிசையா பதிச்சிருந்தாங்க. மேலேர்ந்து மழைத்தண்ணி எறங்கும், கீழேர்ந்து டாக் ரயிலோட கரி இஞ்சின் புகையும் ஆவியும் நேரா அதே தகட்டுல போய் அடிக்கும், இப்படியே அறுபது வருஷம். மேல ஓடினது கரண்ட் ரயில், அத அரிச்சது கீழ ஓடின கரி ரயில்! நடுவுல 1941 மே மாசம் ஜெர்மன்காரன் குண்டு போட்டதுல ஜேம்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் அடி விழுந்து, அதையும் சரி பண்ணி ஓட்டினாங்க. கடைசில 1950கள்ல சர்வே எடுத்தப்ப தகடெல்லாம் மாத்தியாகணும், 20 லட்சம் பவுண்டு ஆகும்னு வந்துச்சு.

அந்தக் காசு கம்பெனிகிட்ட இல்ல. 1948-ல நாட்டு ரயில்வேல பெரும்பாலானத அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப இத சேத்துக்கல, அதனால பிரிட்டிஷ் ரயில்வேஸ் தலையில கட்டவும் வழியில்ல. நகராட்சிகிட்ட கேட்டாங்க, டாக்குங்கள நடத்தின டாக் போர்டுகிட்ட கேட்டாங்க, யாரும் பைய அவுக்கல. டாக்ல சரக்கு ஏத்தி எறக்கி சம்பாதிச்சவங்களுக்கு ஆளுங்கள வேலைக்குக் கொண்டாந்து விட்ட ரயில் மேல அக்கறை இல்ல, எனக்கு அதுதான் எரியுது. 1956 டிசம்பர் 30 ராத்திரி கடைசி வண்டிங்க ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கெளம்பினப்ப நிக்க எடமில்லாம ஜனம். அடுத்த வருஷமே பிரிக்க ஆரம்பிச்சாங்க, பியர் ஹெட்ல இப்ப ஸ்டேஷன் இருந்த அடையாளமே கெடையாது, பெரிய ரோடு ஓடுது.

இன்னொண்ணு. எவர்ட்டன் ஃபுட்பால் கிளப் 2025-ல பிராம்லி மூர் டாக்ல புது ஸ்டேடியம் தொறந்தாங்க இல்ல, அந்த டாக் ரோடு மேலதான் இந்த லைன் போச்சு. இப்ப மேட்ச் அன்னிக்கு சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷன்ல எறங்கி கூட்டத்தோட கூட்டமா நடந்தே போகணும், டிராஃபிக் பத்தி ஊரே பொலம்புது.

அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம் போடுங்க. கட்டுரை எழுதினவர் இந்தப் பக்கம் வந்தா மியூசியம் ஆஃப் லிவர்பூலுக்குப் போகச் சொல்லுங்க, அந்த ரயிலோட ஒரு பெட்டி அங்க இருக்கு, டிக்கெட் கூட கெடையாது.

இப்படிக்கு,
வாசகர், பூட்டில், லிவர்பூல்