எழுத வருகிறவர்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், நம் மலேசிய வெக்கையில் உட்கார்ந்து எழுத முடிவதில்லை, குளிர் நாட்டில் இருப்பவர்கள்தான் நிம்மதியாக எழுதுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். மகளின் பிரசவத்துக்காகக் கடந்த டிசம்பரில் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போய், மார்ச் வரை அங்கேயே இருந்தேன். அந்தக் குளிரில் எழுதிப் பார்த்தவள் என்பதால் இந்தக் கடிதம்.

ஜனவரியில் அங்கே விடிவதற்கே எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். மைனஸ் 30 டிகிரியில் காற்றும் சேர்ந்துகொண்டால், மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று வானிலை அறிவிப்பில் எச்சரிப்பார்கள். பனி கொட்டுகிற நாள்தான் கடுங்குளிர் என்று நானே என் கதைகளில் எழுதியிருக்கிறேன். அது தவறு. பனி கொட்டும்போது மேகம் போர்வை மாதிரி மூடியிருப்பதால் குளிர் சற்றுத் தணிந்திருக்கும். மேகமே இல்லாமல் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிற நாள்தான் கொடுமை. அப்படி ஒரு காலையில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொய்ச் சூரியன்கள் நின்றன. காற்றில் மிதக்கும் பனித்துகளில் வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுமாம். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அம்மா, இங்கே பாருங்க" என்று சன்னலைக் காட்டினாள்.

அந்தச் சன்னலோரம்தான் என் எழுத்து மேசை. ரசம் கொதிக்கிற ஆவியெல்லாம் கண்ணாடியின் உட்பக்கம் படிந்து, கீழ் ஓரத்தில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டியாக உறைந்துவிடும். வெயில் ஏறியதும் அது உருகி மேசையில் வழியும். ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால், முந்தின நாள் எழுதிய நான்கு பக்கமும் நனைந்து ஒட்டிக் கிடந்தன. தோசை மாவு புளிக்காததால் அதை அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) வைத்து, அதன் உள்விளக்கைப் போட்டு வைத்தோம். குளியலறைத் தேங்காய் எண்ணெயைக் கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஹீட்டர் ஓடுவதால் வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கும், தலை வலிக்கும். வெளியே போக முடியாததால் வீட்டில் எல்லாரும் ஒரே அறையில்தான். இதில் எங்கே எழுதுவது? முதல் ஐந்து வாரம் ஒரு கதையும் முடியவில்லை.

அப்புறம் மருமகன் பக்கத்துக் கிளை நூலகத்தைக் காட்டினார். பேருந்தில் இரண்டு நிறுத்தம். அதற்காகச் சட்டைக்கு மேல் சட்டை, காலுறைக்கு மேல் காலுறை என்று உடுத்தி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். போய்ச் சேர்ந்து பேனாவை எடுத்தால் பந்துமுனைப் பேனாவின் மை இறுகிப்போய் எழுதாது. அதனால் பென்சிலுக்கு மாறினேன். உள்ளே அகலமான மேசை, நல்ல வெளிச்சம், வெதுவெதுப்பு. எதிர் நாற்காலிக்குத் தினமும் ஒரு பெரியவர் வருவார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நாள் முழுக்கச் செய்தித்தாள் படிப்பார். அவரையும் யாரும் எழுப்பவில்லை, என்னையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம். ஊர் திரும்புவதற்குள் இரண்டு கதைகள் முடிந்தன. அவை அந்த மேசையில் பிறந்தவை. குளிருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பினாங்கு திரும்பியதும் பழையபடி ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடு, கூடத்தில் தொலைக்காட்சி. ஒரு தே தாரேக்கை (நுரைக்க இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் எழுதினால், மதியக் கூட்டம் வந்ததும் எழுந்துகொள்ளத்தான் வேண்டும். எனக்காவது வயதாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து திரும்பும் தொழிற்சாலைப் பேருந்தில், நின்றுகொண்டே கைப்பேசியில் கதை எழுதுகிறாள். அருமையான கதைகள். அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் என்னவெல்லாம் எழுதுவாள்!

நம் சங்க மண்டபங்களும் ஆலய மண்டபங்களும் கல்யாணம், கூட்டம் தவிர மற்ற நாள்களில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, ஏழு மணி முதல் பத்து மணி வரை, எழுதுகிறவர்களுக்கும் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவற்றைத் திறந்துவிடலாம். ஒரு சங்கத்தில் கேட்டேன். மின்கட்டணம் யார் கட்டுவது என்றார்கள். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறிக்கு ஆகும் செலவை வருகிறவர்களே பகிர்ந்துகொள்வோம். பொறுப்பெடுக்க ஆள் இல்லை என்றால் சாவியை என்னிடம் கொடுங்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் நானே வந்து திறந்து, கூட்டி, பூட்டிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.