மெயில் வந்துவிட்டது, காலண்டர் வரவில்லை

கோவை

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆபிசில் மெயிலையும் காலண்டரையும் கவனிக்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரை எடுத்துவிட்டு எதை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கூத்தை நாங்கள் இப்போதுதான் ஆடி முடித்தோம்.

எங்களுடையது 2016 பதிப்பு. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்குச் சப்போர்ட் முடிந்துவிட்டது. “நன்றாகத்தானே ஓடுகிறது?” என்றார் முதலாளி. இனி பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது என்றதும்தான் இறங்கி வந்தார்.

முதலில் ஜிம்ப்ரா என்ற இன்னொரு மெயில் சர்வரைத்தான் பார்த்தேன். முன்பெல்லாம் சும்மா இறக்கிப் போட்டுக்கொள்வோமே! இலவசமாக அப்படிக் கிடைத்த கடைசிப் பதிப்பு 8.8.15, அதன் ஆயுளும் 2023-ல் முடிந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றை, இலவசமாக வேண்டுமென்றால், மூலநிரலிலிருந்து (சோர்ஸ் கோடு) நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான வயது எனக்குப் போய்விட்டது. கடைசியில் மெயில்கவ் என்ற மெயில் சர்வர் தொகுப்பைப் போட்டேன். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட், வெப்மெயிலும் காலண்டரும் தரும் சோகோ எல்லாம் டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) ஒரே மூட்டையாக வருகிறது.

பழைய மெயிலை எல்லாம் இமாப்சிங்க் என்ற மெயில் நகலெடுக்கும் கருவி இரவோடிரவாக இழுத்துவந்துவிட்டது. ஆனால் அது காலண்டரைத் தொடாது. நாங்கள் மெயில் படிக்கும் அவுட்லுக்குக்கோ கால்டாவ் (காலண்டரைச் சர்வரோடு இணைக்கும் முறை) தெரியாது, தனியாக ஒரு ஆட்-ஆன் போட வேண்டும். ஒவ்வொருவர் மேசையாகப் போய் உட்கார்ந்து ஏற்றினேன். கணக்குப் பிரிவு அக்காவின் ஜிஎஸ்டி நினைவூட்டல்கள் காணாமல் போன அன்று நான் கேட்ட வசவை எழுத மாட்டேன்.

இன்னொரு தலைவலி, முதல் வாரம் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்பிய கொட்டேஷன் எல்லாம் ஸ்பேமில் போய் விழுந்தது. மெயில் நிஜமாகவே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் சரியாகத்தான் இருந்தன. சர்வரின் ஐபி எண்ணை வைத்து அதன் பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்தான் இல்லை. அதை இணைய இணைப்பு கொடுப்பவர்தான் போட்டுத் தர வேண்டும். ஒன்பது நாள் இழுத்தடித்தார்.

ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 40,000-க்கும் மேற்பட்ட மெயில் பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓபன்-எக்ஸ்சேஞ்ச் என்ற வேறொரு மென்பொருளுக்கு ஆறே மாதத்தில் மாற்றி, 2025 அக்டோபரில் முடித்துவிட்டது. நான் அறுபது பெட்டிக்கு இரண்டு மாதம் எடுத்தேன். சிரிக்காதே.

உன் ஆடிட்டர் ஆபிசில் இருபது பேர்தானே? ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுந்து பார்க்க உன்னைத் தவிர ஆளில்லை. நீ பேசாமல் ஜோஹோவின் மெயில் சேவைக்குப் போய்விடு, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிடலாம். சொந்த சர்வர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முதலில் இணைப்புக்காரரிடம் ரிவர்ஸ் டிஎன்எஸ் போடுவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

அப்புறம், யார் யார் காலண்டரை எவரெவர் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.

உன்,
கணேசன்