திரும்ப வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புத் தம்பி,

"அண்ணா, திரும்ப வந்தா சேத்துக்குவீங்களா?" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நம் ஹாக்கி டீமில் எல்லோரும் கேட்டாயிற்று. பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் சேலத்தில் காந்தி ஸ்டேடியம் வாசலில் ஒரு கதை, ஐந்து ரோட்டில் ஒரு கதை, அம்மாபேட்டையில் வேறொரு கதை என்று உன்னைப் பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிடுகிறேன். நீ நம்மை விட்டு அந்த அகாடமிக்கு ஏன் போனாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வா. ஆனால் பந்தை மட்டையால் இழுத்துவந்து கோலுக்கு வீசுகிற ஃப்ளிக்கராக வராதே. பெனால்டி கார்னரை (பி.சி.) தடுக்கும் பக்கத்தில், கோல் கோட்டிலிருந்து ஷாட் எடுக்கிறவனை நோக்கி முதலில் பாய்கிற ரஷ்ஷராக வா.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். தண்டனை என்று நினைத்துக்கொள்வாய். அப்படியில்லை. நீ இருந்தபோது நம் பி.சி. முழுக்க உன் டிராக் ஃப்ளிக்கை நம்பி நின்றது. பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு புஷ் செய்கிற பையன், கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான டி-யின் உச்சியில் அதை நிறுத்துகிற ஸ்டாப்பர், இரண்டு பேரும் உன் காலடிக்குத் தகுந்தபடி பழகியிருந்தார்கள். நீ போன பிறகு அம்மாபேட்டைப் பையன் நேர் ஹிட் அடிக்கிறான். ஃப்ளிக்குக்கும் ஹிட்டுக்கும் பந்து நிற்க வேண்டிய இடமே வேறு. ஃப்ளிக் எடுக்கிறவனுக்குப் பந்து பின்கால் பக்கத்தில், வலது பாதத்துக்கு நேராகக் கிடைக்க வேண்டும். அங்கிருந்துதான் இழுத்துக்கொண்டு வருவான். ஹிட் அடிக்கிறவனுக்கு முன்கால் அருகே வேண்டும். ஃப்ளிக்குக்குப் பந்து கொஞ்சம் உருண்டுகொண்டிருந்தாலும் குற்றமில்லை, மட்டை அதைக் கவ்விக்கொள்ளும். ஹிட்டுக்குச் செத்த பந்தாக நிற்க வேண்டும். உருளுகிற பந்தை ஓங்கி அடித்தால் எழும்பிவிடும். முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோலுக்குள் அடியில் இருக்கும் பலகையின் உயரம் அவ்வளவுதான். அதற்கு ஒரு விரல் மேலே போனாலும் அம்பயர் கோல் கொடுக்கமாட்டார்.

இந்த மாற்றத்துக்குப் புஷ் பையன் தன் வேகத்தையே குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டாப்பர் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டார். இப்போதுதான் அது கூடிவந்திருக்கிறது. நீ வந்ததும் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி உனக்காகக் கட்டு என்று அவர்களிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு காரணம் உன் இடுப்பு. நீ அனுப்பிய வீடியோவை வேகம் குறைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் வலது கால் பின்னால் குறுக்கே போனதும் இடது காலை நீட்டி எறிவாய். உடம்பு அவ்வளவு தாழும், பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் வரும். இப்போது இடது கால் ஒரு பாதத் தூரம் குறைவாகவே எட்டி இறங்கிவிடுகிறது. முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. இழுக்கிற தூரம் குறைந்துவிட்டதால் கடைசியில் தோளைப் போட்டு வேகத்தை ஈடுகட்டப் பார்க்கிறாய். வலிக்கிற இடத்தை உடம்பு தானாகக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த வீடியோவில் எனக்குத் தெரிந்தது அதுதான். கீழ்முதுகு, இடது இடுப்பு மூட்டு, இடது பின்தொடை, ஃப்ளிக்கர்களுக்குப் போகிற இடங்கள் இவைதான். தாழ்ந்த நிலையிலிருந்து முழு வேகத்தில் திருகுகிற வேலை அது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கு வைக்காவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே முதுகு போய்விடும்.

அங்கே எத்தனை ஃப்ளிக் எடுக்கச் சொன்னார்கள் என்று நீ என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உங்க அப்பா இதைப் படிப்பார். அந்த அகாடமியில் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒரு சங்கடம் வர வேண்டாம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவர் படிக்கிறார் என்பதற்காக அல்ல. உன்னை அனுப்பியதில் அவர் மேல் தப்பே கிடையாது. சேலத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்கிற பெயர்கள் சின்னப்பம்பட்டி நடராஜன், பெரியவடகம்பட்டி மாரியப்பன். ஒருவர் கிரிக்கெட், இன்னொருவர் உயரம் தாண்டுதல். ஹாக்கி என்றால் கோவில்பட்டியைத்தான் கை காட்டுவார்கள். அங்கிருந்து மாரீஸ்வரனும் அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் இந்திய அணிக்குப் போனதைப் பார்த்த எந்த அப்பாவுக்கும் தன் பிள்ளையைச் செயற்கைப் புல் டர்ஃப் உள்ள ஊருக்கு அனுப்பத் தோன்றும். மண் கிரவுண்டில் டிராக் ஃப்ளிக் வளராது. மட்டை தரையில் சிக்கும், பந்து கல்லில் எகிறும், இழுக்கிற பாதையே கிடைக்காது. அதெல்லாம் நியாயம்தான்.

நியாயமில்லாதது நீ போன விதம்.

அந்த அரையிறுதியை நினைத்துப் பார். முந்தின நாள் மழை. காலையில் ரோலர் போட்டும் டி-யின் உச்சியில் மண் சமமாகவில்லை. நான்காவது குவார்ட்டர், பி.சி. கிடைத்தது. ஒன்பதாவது படிக்கிற பையன் புஷ் செய்ய நிற்கிறான், கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் குறியில், ஒரு கால் கோட்டுக்கு வெளியே. புஷ் அருமையாகத்தான் வந்தது. கடைசி ஒரு முழத்தில் கல்லில் பட்டு ஸ்டாப்பரின் மட்டைக்கு மேலே எகிறிப் பின்னால் ஓடிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் அந்தப் பையனைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். நீ பந்தை விரட்டிக்கொண்டு போனாய். டி-க்கு வெளியே 5 மீட்டரையும் தாண்டியதும் "தாண்டிருச்சு, தாண்டிருச்சு!" என்று கத்தினாய். 5 மீட்டரைத் தாண்டிவிட்டால் பி.சி. விதிகள் எதுவும் இல்லை, 460 மில்லிமீட்டர் கணக்கும் இல்லை என்பது அந்த நேரத்தில் கிரவுண்டிலேயே உனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பெரிய ஹிட் அடிக்கப் போகிறவன் போல மட்டையைத் தூக்கினாய். ரஷ் வந்தவன் மட்டையைப் படுக்கவைத்து விழுந்தான். நீ அடிக்கவில்லை. அவனைச் சுற்றி டி-க்குள் கொண்டுபோய் இடது கம்பத்துக்குத் தள்ளினாய். புஷ் செய்த பையன் உள்ளே வந்து நின்றிருந்தான். மட்டையை வைத்தான், அவ்வளவுதான்.

எல்லோரும் உன்மேல் விழுந்தார்கள். நீ அவர்களை விலக்கிவிட்டு, அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து நடுக்கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாய். திட்டினவர்கள் பக்கம் திரும்பி, "புஷ் சரியாத்தான் இருந்துச்சு, கல்லுதான் தப்பு" என்றாய். அந்தப் பையன் அன்றைக்கு உன்னைப் பார்த்த பார்வையை நீ கவனித்தாயா என்று தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்படிப்பட்ட நீ, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். எனக்கு மெசேஜ் போட்டாய், கேப்டனுக்குப் போட்டாய். அவனுக்குப் போடவில்லை. நீ போனது தெரிந்த பிறகும் அவன் உன் வேகத்திலேயே புஷ் செய்துகொண்டிருந்தான். அடிக்கிறவனுக்கு அது ஒத்துவரவில்லை, பழி மறுபடி அவன் மேல்தான் விழுந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டம். 0-2 என்று பின்தங்கிய இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று ஜெயித்த அன்றைக்கு, எழும்பூர் கேலரியிலிருந்து நீ போட்ட போட்டோவை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டியது அவன்தான். "அண்ணன் அங்க இருக்காருண்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

நீ போன அன்று மாலையே குரூப்பிலிருந்து உன் பெயரை எடுத்தது உனக்கு வலித்திருக்கும். அதற்கு வருந்துகிறேன். ஆனால் அணிப் பட்டியலை அன்றைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. போனவன் பெயரை வைத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு எப்படி இடம் கொடுப்பது? வருத்தம் உண்மை, காரணமும் உண்மை.

இனி வேலைக்கு வருகிறேன். ரஷ் ஏன் உனக்குப் பொருந்தும்? ஃப்ளிக் எடுத்தவனுக்குத்தான் எதிராளியின் ஃப்ளிக் முன்கூட்டியே புரியும். பின்கால் எப்போது குறுக்கே விழுகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். டி-யின் ஆரம் 14.63 மீட்டர், ஒரு பாய்ச்சல் தூரம். முதுகைத் திருகுகிற வேலை அதில் இல்லை. ஆனால் உயிர் பயம் உண்டு, மறைக்க மாட்டேன். நல்ல ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

பந்து வெளியே தள்ளப்படுகிற வரை கோட்டைத் தாண்டாதே. முன்னாலேயே கிளம்பினால் உன்னை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உனக்குப் பதில் வேறு ஆளும் வர முடியாது. ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் நாலு பேர் நிற்போம். பந்தின் நேர்கோட்டில் மட்டையை வை, உடம்பை ஓரமாக வைத்துக்கொள். உடம்பால் மறைத்தால் நம் கோல்கீப்பருக்குப் பந்தே தெரியாது. ஷாட் எடுக்கிறவனுக்கு 5 மீட்டருக்குள் வந்த பிறகு பந்து உன் முழங்காலுக்குக் கீழே பட்டால் அவர்களுக்கு இன்னொரு பி.சி. சாதாரணமாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஷாட் ஆபத்தானது, நமக்கு ஃப்ரீ ஹிட். அதற்காக வேண்டுமென்று உடம்பைக் கொடுக்கிற வீரம் நம் டீமில் யாருக்கும் வேண்டாம். மாஸ்க், இரண்டு கைக்கும் கிளவுஸ், முழங்கால் கார்டு, அடிவயிற்று கார்டு, நான்கும் இல்லாமல் பிராக்டிஸில்கூட உன்னைக் கோல் கோட்டில் நிற்கவிட மாட்டேன்.

வருவதற்கு முன் பிசியோவிடம் போய் முதுகைக் காட்டு. அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் மட்டையால் திருகாதே. உடம்பு ஏற்ற வேண்டும் என்று அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடத் தொடங்கிவிடாதே; நம் ஊரில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மூச்சு பெருகும், ஒப்புக்கொள்கிறேன். இறங்கும்போது மூட்டும் முதுகும் வாங்குகிற அடிக்கு உன் உடம்பு இப்போது தயாரில்லை. ரஷ்ஷருக்கு வேண்டியது 15 மீட்டர் பாய்ச்சல், நின்று, திரும்பி, மறுபடி பாய்ச்சல். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு எட்டோ பத்தோ போதும், நடுவில் ஒரு நிமிஷம் முழுசாக ஓய்வு. காலை வெயிலுக்கு முன்னால் முடித்துவிடு.

அங்கே வாங்கின அந்த விலை உயர்ந்த மட்டையை மண் கிரவுண்டுக்குக் கொண்டுவராதே. கார்பன் அதிகமுள்ள மட்டை கல் பட்டால் நுனியில் செதில் செதிலாகப் பெயரும், பிறகு விரிசல் விடும். பழைய மட்டை உன் வீட்டில் இருந்தால் நுனிக்கு டேப் சுற்றி எடுத்து வா. நல்லதை டர்ஃப் ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்.

ஃப்ளிக் உன்னைவிட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. முதுகு தேறினால் அடுத்த சீசனில் பார்க்கலாம், வாரத்துக்கு எத்தனை என்று நான் எண்ணித்தான் எடுக்கவிடுவேன். அதற்குள் அம்மாபேட்டைப் பையன் இன்னும் தேறியிருந்தால் இடம் அவனுக்குத்தான். உனக்காக அவனை உட்காரவைக்க மாட்டேன்.

பட்டியல் இந்த ஞாயிறு முடிகிறது. அதற்குள் எனக்குப் பதில் சொல். எனக்குச் சொல்வதற்கு முன்னால் புஷ் பையனுக்கு ஃபோன் போட்டுப் பேசு. வருவதாக இருந்தாலும் பேசு, வரப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும் பேசு. அவன் நம்பர் மாறவில்லை. எட்டு மணிக்கு மேல் டியூஷன் முடிந்து வீட்டில் இருப்பான்.

அன்புடன்,
அண்ணன்