தம்பிக்கு, அந்தத் தொப்பி போட்டோ பற்றி

தம்பி,

நானும் அம்மாவும் நல்லா இருக்கிறோம். கொல்லைத் தென்னையை வெட்டியாச்சு, மற்ற ஊர்க்கதையெல்லாம் அப்புறம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

சாம்பல் நிற டாப் ஹேட்டும் (அந்த உயரத் தொப்பி) வால் வைத்த கோட்டும் உனக்கு எடுப்பாக இருக்கு. தோளில் ஒரு சுருக்கம் இல்லை, தைத்தவன் கைகாரன். தொப்பிதான் பெரிசு, காதில் இடிக்கிறது. உள்ளே தோல் வார் ஓடுமே, அதற்குப் பின்னால் பேப்பரை மடித்துச் செருகினால் நிற்கும். சாய்த்துப் போடாதே, நேராக இருக்கட்டும்.

போன வருஷம் இங்கிலாந்து லிங்கன் ஊரில், நீராவி இயந்திரக் காலத்து வேஷம் போடும் அந்த ஸ்டீம்பங்க் திருவிழாவில் கறுப்புத் தொப்பியில் கண்ணாடியும் பல்சக்கரமும் ஒட்டிக்கொண்டு நின்றாய். அது விளையாட்டு, அங்கே எதை ஒட்டினாலும் அழகுதான், அந்த கிட்டார்க்காரர் ஸ்லாஷ்கூட சும்மா பேன்ட் சட்டையோடுதானே போடுகிறார். முறையான இடம் அப்படி இல்லை. அஸ்காட் குதிரைப் பந்தயத்தில் ராயல் என்க்ளோஷர் என்கிற தனிப் பகுதிக்குள் கறுப்பு இல்லாவிட்டால் சாம்பல், கலர் ரிப்பன் சுற்றினாலே விடமாட்டார்கள். இரவு விருந்துக்கு என்றால் கறுப்பு மட்டும். சர்ச்சுக்குள் போகும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள், மறந்துவிடாதே. யாராவது பழைய பட்டுத் தொப்பியை இரவல் தந்தால் மழையில் மட்டும் கொண்டுபோகாதே, அந்தப் பட்டுத் துணியை இப்போது யாரும் நெய்வதில்லை, பழசைத்தான் செப்பனிட்டு விற்கிறார்கள்.

இத்தனையும் ஏன் தேடிப் படித்தேன் என்று உனக்குத் தெரியும்.

போட்டோவில் பின்னால் கண்ணாடி தெரிகிறது, கோட்டு மாட்டிய ஸ்டாண்டு தெரிகிறது, கடை என்று நினைக்கிறேன். கண்ணாடிக்குள் போன் பிடித்த கையும் தெரிகிறது. மெல்லிய வளையல் ஒன்று. அம்மா அதைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கை ஆடாமல் நல்லா எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்க் கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லாரும் இந்தத் தொப்பி போட வேண்டும் என்று இல்லையாம். மாப்பிள்ளை, தோழன், வந்தவர்களை உட்காரவைக்கும் பையன்கள், இரண்டு பக்கத்து அப்பாக்கள், பெரும்பாலும் இவர்கள்தானாம். இதில் நீ யார் என்று எழுதியிருக்கலாம். படித்து, தனியாக அந்த ஊரில் நின்று காட்டிய பிள்ளை, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன யோசனை? மேலூர் அத்தை வீட்டில் நடந்ததை நினைத்துப் பேசாமல் இருந்தால், அது அந்தக் காலம். அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள்.

தொப்பியை நேராகப் போடு, அதைத்தான் திரும்பவும் சொல்கிறேன். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 1676-ல் தொடங்கிய லாக் தொப்பிக் கடை இருக்கிறதே, அங்கே தலையில் ஒரு கருவியைக் கவிழ்த்து, தலையின் வடிவத்தைச் சின்ன அட்டையில் ஊசியால் குத்தி எடுப்பார்களாம். 40 வருஷம் டேப் பிடித்த எனக்கு அதைப் பார்க்க ஆசை.

வாடகைக் கடையில் தலைச்சுற்றளவு கேட்பார்கள் இல்லையா. நெற்றி நடுவில் வைத்து, காதுக்கு மேலே டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு 57 சென்டிமீட்டர், அந்த ஊர்க் கணக்கில் 7. கோட்டு அளவைத் தனியாக அனுப்புகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், இரண்டு பேருடையதும்.

அப்பா