ஹெட்போன் கேட்ட மாப்பிள்ளைக்கு

பாளையங்கோட்டை,
ஆடி, வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை சிதம்பரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு கோயில்களில் ஆடிக் கொடைகள் ஆரம்பித்துவிட்டன. நானும் பையன்களும் மைக்செட் வண்டியோடே அலைகிறோம். நேற்று முக்கூடல் பக்கம், நாளை களக்காடு. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம். போய் நிற்க நேரம் எங்கே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக, "உனக்கு இம்புட்டு நரையா?" என்று கேட்டாள். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குப் பாட்டுக் கேட்க, மருமகன் கேம் ஆட, வீட்டில் எல்லாரும் படம் பார்க்கையில் நாலு பக்கமும் சத்தம் சுற்ற, இத்தனைக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் ஒரு ஹெட்போன் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் மூன்று வேலைக்கும் மூன்று அலமாரியைக் காட்டினார், குழம்பிப்போய்த் திரும்பிவிட்டேன் என்கிறாய். அந்த அலமாரிப் பிரிவினையே எனக்கு ஒப்பவில்லை மாப்ளே. என்ன கேட்கப்போகிறாய் என்பதைவிட, எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறாய் என்பதுதான் எனக்கு முக்கியம். பம்பாயில் உன் சயான் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஹால், ஒரு ரூம். ராத்திரி நீ பாட்டைப் போடும்போது ஆறடி தூரத்தில் தங்கச்சி தூங்குகிறாள். ஜன்னலுக்கு வெளியே லோக்கல் டிரெயின் போகிறது. இதைச் சொல்லாமல் எந்த ஹெட்போன் நல்லது என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

ஏனென்றால் ஹெட்போனில் முதல் பிரிவு ஓப்பன்பேக், குளோஸ்ட்பேக் என்பதுதான். கிண்ணத்தின் பின்பக்கம் வலைபோட்டுத் திறந்திருந்தால் ஓப்பன்பேக், மூடியிருந்தால் குளோஸ்ட்பேக். சென்ஹைசர் கம்பெனிதான் 1968-ல் எச்டி 414 என்று மஞ்சள் பஞ்சு வைத்த ஒன்றைக் கொண்டுவந்து இந்த வழியைத் திறந்துவிட்டது. சத்தம் கிண்ணத்துக்குள் அடைபடாமல் வெளியே போய்விடுவதால், பாட்டு தலைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்காது. கொஞ்சம் தள்ளி, காற்றோட்டமாகக் கேட்கும். இசை என்றால் ஓப்பன்பேக் என்று தெரிந்தவர்கள் சொல்வது அதனால்தான். அது உண்மையும்கூட. ஆனால் நீ கேட்கிற பாட்டு முழுவதும் தங்கச்சிக்கும் கேட்கும், டிரெயின் சத்தம் முழுவதும் உனக்கும் கேட்கும். சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற கல்லிடைக்குறிச்சி வீட்டு மாடியில் உட்கார்ந்து கேட்பதாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஓப்பன்பேக் வாங்கு என்பேன். சயானுக்கு அது ஆகாது. உனக்கு குளோஸ்ட்பேக்தான்.

அடுத்தது அந்த நாலு பக்கச் சத்தம். மருமகன் 7.1 என்று போட்ட கேமிங் ஹெட்செட்டைக் கேட்கிறான், உள்ளே ஏழு ஸ்பீக்கரா இருக்கிறது என்று நீ கேட்டிருக்கிறாய். கிடையாது. அநேகமாக எல்லாவற்றிலும் காதுக்கு ஒன்றுதான், மொத்தம் இரண்டு. அது போதும், நமக்கு இருப்பதும் இரண்டு காதுதானே. நாம் சின்ன வயதில் சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்கு முன்னால் சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தோமே, கண்ணை மூடினாலும் குடம் எந்தப் பக்கம், உடுக்கை எந்தப் பக்கம் என்று தெரிந்ததல்லவா? இடப்பக்கமிருந்து வரும் சத்தம் இடக்காதுக்கு முதலிலும், தலையைச் சுற்றி வலக்காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் போய்ச் சேரும். அந்தப் பிந்தல் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.7 மில்லி செகண்டுக்குப் பக்கம். மூளைக்கு அது போதும். கூர்மையான சத்தமாக இருந்தால் தலை மறைப்பதால் அந்தப் பக்கத்துக் காதுக்கு அளவும் குறையும். இந்த இரண்டு கணக்கையும் ராலே பிரபு என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1907-லேயே எழுதி வைத்துவிட்டார்.

முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதுதான் சிக்கல். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வருகிற சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தானே சேரும். அங்கே வேலை செய்வது காது மடல். அதன் மடிப்பும் குழியும், வருகிற திசைக்கு ஏற்றபடி சில சுரங்களைக் கூட்டியும் குறைத்தும் உள்ளே அனுப்புகின்றன. காதுக்குள் மைக் வைத்த பொம்மைத் தலையை நடுவில் நிறுத்தி, சுற்றிலுமிருந்து சத்தம் கொடுத்து, இந்த மாற்றத்தையெல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். டால்பி அட்மாஸ், ஆப்பிளின் ஸ்பேஷியல் ஆடியோ, பிளேஸ்டேஷன் 5-ன் டெம்பெஸ்ட் எல்லாம் அடிப்படையில் அந்தக் கணக்கை ஒலியில் ஏற்றி அனுப்புவதுதான். ஆகவே சுற்றுகிற சத்தம் ஹெட்போனில் பிறப்பதில்லை, சாஃப்ட்வேரில் பிறக்கிறது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனே அதைக் காட்டிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் சோனிக் என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது, மருமகனைப் போட்டுப் பார்க்கச் சொல்லு. ஒன்று மட்டும் கவனம்: சில கேம்களுக்குள்ளேயே இந்தக் கணக்கு இருக்கும். அதையும் போட்டு, கம்ப்யூட்டரிலும் போட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாம் குழம்பும். ஏதாவது ஒன்று போதும்.

இன்னொன்று, அந்தக் கணக்கு யாரோ ஒருவர் காதை வைத்து எடுத்தது. ஊர் முழுவதற்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. மருமகனுக்குப் பொருந்தி, உனக்குப் பின்னால் வரவேண்டிய ஹெலிகாப்டர் முன்னால் வந்தால் ஹெட்போனைக் குறை சொல்லாதே, உன் காது மடல் அப்படி. தலை திரும்புவதைக் கண்டுபிடித்து ஒலியையும் சேர்த்துத் திருப்புகிற ஹெட்போன்களில் இந்தக் குழப்பம் குறையும். படத்துக்கு அது நன்றாக இருக்கிறது. பாட்டுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பாடகி ஒரு பக்கம் நிற்பதும், நான் தலையைத் திருப்பினால் அவள் அங்கேயே நிற்பதும், என்னமோ வித்தை காட்டுவதாகப் படுகிறது.

உன் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சியார் கேசட்டுகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர் 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காலத்து ஒலிப்பதிவு மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதால் நாகஸ்வரமும் தவிலும் தலைக்கு நடுவில் ஒரே இடத்தில்தான் நிற்கும். லட்ச ரூபாய் ஹெட்போனாலும் தவிலை இடப்பக்கம் தள்ளி வைக்க முடியாது. அதில் பார்க்கவேண்டியது வேறு. நம் காதுக்குழாய்க்கு இயற்கையாகவே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தூக்கல் உண்டு. ஹெட்போன் செய்கிறவர்கள் அதை உத்தேசித்துத்தான் ஒலியை அமைக்கவேண்டும். அங்கே கூட்டிவிட்டால் நாகஸ்வரம் காதைக் குத்தும், குறைத்துவிட்டால் துணியைப் போட்டு மூடியது போல் மங்கும். அடியில் பேஸைக் கூட்டி வைத்தால் தவிலில் தொப்பிப் பக்கம் மட்டும் பொங்கி, வலந்தலையின் விரல் அடி புதைந்துபோகும். கடைகளில் காட்டுகிற முக்கால்வாசி பேஸ் பொங்குகிற சாதிதான், இரண்டு நிமிடம் கேட்டால் பிரமாதம், ஒரு கச்சேரி கேட்டால் தலைவலி.

வேடிக்கை என்னவென்றால், மருமகனுக்குத் தேவையானதும் இதேதான். அவன் ஆடுகிற துப்பாக்கி ஆட்டத்தில் உயிர் பிழைப்பது காலடிச் சத்தத்தை வைத்து. குண்டு வெடிப்பில் பேஸ் பொங்கினால், அதற்கு அடுத்து வருகிற காலடி அமுங்கிப்போகும். வலந்தலையைத் தெளிவாகக் காட்டுகிற ஹெட்போன் காலடியையும் தெளிவாகக் காட்டும். நீ நாகஸ்வரத்தை வைத்தே தேர்ந்தெடு, அவனுக்கும் சரியாக வரும். கேமிங் என்று எழுதிய பெட்டியில் கூடுதலாக வருவது ஒரு மைக்கும் வண்ண விளக்கும்தான். விளக்கு மாட்டியிருக்கிறவனுக்குத் தெரியவா போகிறது? மைக்கைத் தனியாக வாங்கி மேசையில் வைத்துவிடலாம்.

கேமுக்கு புளூடூத் மட்டும் வேண்டாம். சாதாரண புளூடூத்தில் ஒலி வந்து சேர 200 மில்லி செகண்ட் வரைகூடப் பிந்தும். படத்தை ஓட்டுகிற ஆப்புகள் அதற்கேற்ப காட்சியை நிறுத்தி இழுத்துச் சரிக்கட்டிவிடும்; கேம் யாருக்காகக் காத்திருக்கும்? போதாக்குறைக்கு, புளூடூத்திலேயே மைக்கில் பேச ஆரம்பித்தால் பல ஹெட்செட்டில் மொத்த ஒலியும் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் இல்லாமல் வேண்டுமென்றால் யுஎஸ்பி டாங்கிளோடு வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதி இருக்கிறது, அதில் தாமதம் தெரியாது. நான் வயர்க்காரன்.

பெட்டியில் போட்டிருக்கிற எண்களில் 40 கிலோஹெர்ட்ஸ், 50 மில்லிமீட்டர் டிரைவர் இதையெல்லாம் விட்டுவிடு. மனிதக் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். நம் வயதுக்கு அதிலும் மேல்தட்டு போய்விட்டது. ஓம் என்று போட்டிருக்கிற மின்தடை எண்ணை மட்டும் பார். சென்ஹைசர் எச்டி 600, 1997-லிருந்து பேர் வாங்கி வருகிற ஓப்பன்பேக், 300 ஓம். போனில் நேராகச் செருகினால் சோகையாகத்தான் பாடும், தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 80 ஓமுக்குள் இருந்தால் கம்ப்யூட்டரே பெரும்பாலும் ஓட்டிவிடும்.

அப்புறம் உன் மூக்குக் கண்ணாடி. அதன் காம்பு பஞ்சுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பேஸ் அந்த வழியாக ஒழுகிப்போய்விடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கடையில் மாட்டிப் பார்க்கவேண்டும், அதுவும் வேர்க்கிற வரைக்கும். ரெக்சின் பஞ்சு என்றால் பம்பாய்ப் புழுக்கத்தில் காது அவியும், நாளாவட்டத்தில் கறுப்புத் தோல் உரிந்து கன்னத்தில் ஒட்டும். இங்கே கத்திரி வெயிலில் ரெக்கார்டிங்குக்குப் போகும்போது நான் பட்டதை நீ பட வேண்டாம். வெல்வெட் துணிப் பஞ்சு தேவலை. பஞ்சைத் தனியாக வாங்கி மாற்ற முடிகிற மாடல்தான் பணத்துக்கு மதிப்பு.

ஆபீசுக்குப் போகும் லோக்கல் டிரெயினில் இதை மாட்டாதே. அங்கே இரைச்சல் குறைக்கிற ஹெட்போன் தனி. போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகன், அவர் 1978-ல் விமானத்தில் வருகையில் என்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். வெளிச் சத்தத்தை மைக்கில் எடுத்து, தலைகீழாகத் திருப்பிக் காதுக்குள் விட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். விடாமல் உறுமுகிற அடித்தொண்டைச் சத்தத்துக்குத்தான் அது சரியாக வேலை செய்யும். டிரெயின் உறுமல் போகும், பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது போகாது. ஆனால் அதில் ஒரு நன்மை, இரைச்சலுக்குப் போட்டியாக நீ வால்யூமைக் கூட்டவேண்டியதில்லை. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90-க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மருமகனிடம் இதைச் சொல்லு. கொடைக்குக் கொடை ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்ற எனக்கு இப்போது அமைதியான ரூமிலும் காதுக்குள் ஒரு விசில் அடங்குவதில்லை.

இனி பேரைச் சொல்கிறேன். வீட்டுக்கு பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 80 ஓம், துணிப் பஞ்சு. ஜால்ரா கொஞ்சம் சுள்ளென்று விழும், அதை ஈக்வலைசரில் ஒரு பல் இறக்கிவிடலாம். அது கிடைக்காவிட்டால் ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ், 38 ஓம், போனிலேயே ஓடும், வயரையும் கழற்றி மாற்றலாம். நான் வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்குக்கு வைத்திருப்பது சோனி 7506. 1991-லிருந்து அதே அமைப்பில் வருகிறது, தப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கும், சாவகாசமாகப் பாட்டுக் கேட்க அதைச் சொல்லமாட்டேன். பாட்டு, கேம், படம் மூன்றும் வீட்டில் ஒன்றிலேயே ஓடட்டும். மிச்சப் பணத்தை டிரெயினுக்கு ஒரு சுமாரான இரைச்சல் குறைக்கிற இயர்பட்ஸில் போடு.

வாங்குவதற்கு முன் ஆவணியில் ஊருக்கு வருகிறாய் அல்லவா, மருமகனை லேப்டாப்போடு கூட்டிக்கொண்டு வா. 770-ம் சோனியும் என்னிடம் இருக்கின்றன, ஒரு சாயங்காலம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கட்டும். உன் கேசட்டுகளையும் எடுத்து வா, டெக் இன்னும் ஓடுகிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு, அன்றைக்குக் கொடை ஒத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்
இசக்கி

பி.கு.: அம்மா உனக்குப் புளி எடுத்து வைத்திருக்கிறாள். பெரிய பையாகக் கொண்டு வரவும்.