ப்ரோகிராமரையும் மாநாட்டுக்கு அனுப்புங்கள்: கேம் ஸ்டூடியோ நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் கேம் ஸ்டூடியோ நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 11 வருடங்களாக மொபைல் கேம்களுக்குக் கோடு எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன், சிலரிடம் இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறேன். கேம் செய்பவர்கள் கூடுகிற மாநாடுகளுக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்பதைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு ரேசிங் கேம் செய்துகொண்டிருந்தோம். ஆட ஆரம்பித்தால் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் ஓடும். பத்து நிமிடம் போனதும் போன் கையைச் சுடும், ஃபிரேம் 40க்கு இறங்கிவிடும். 12,000 ரூபாய் போன் வைத்திருப்பவர்களை நம்பித்தான் அந்தக் கேமையே எடுத்தோம். அவர்கள் பத்தாவது நிமிடத்தில் எரிச்சலோடு மூடிவிட்டால் எங்கள் ஒரு வருட உழைப்பு வீண். மூன்று வாரம் தேடினோம். ஸ்கிரிப்டைக் குறைத்தோம், டெக்ஸ்சரைச் சுருக்கினோம், கார்களின் பாலிகன்களை வெட்டினோம். சூடு அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹைதராபாத்தில் ஐஜிடிசி என்ற இந்திய கேம் டெவலப்பர்கள் மாநாடு வந்தது. எங்கள் ஆபீசிலிருந்து பிசினஸ் டீமில் இரண்டு பேர் போனார்கள். நான் லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். புனேக்காரர், ரெண்டரிங் ப்ரோகிராமர், அதாவது கேமின் காட்சியைத் திரையில் வரைகிற பகுதியை எழுதுபவர். எங்கள் போன் சுடுகிற கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டெப்த் பஃபரை மெமரிக்குத் திருப்பி எழுதுகிறீர்களா?” என்றார். தெரியாது என்றேன்.

தட்டை ஓரமாக வைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். போனில் இருக்கும் ஜிபியு, அதாவது படம் வரைகிற சிப், திரையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் சிப்புக்குள்ளேயே இருக்கிற சிறு மெமரியில் வரைந்து முடித்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும். எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்ற கணக்கை வைத்திருப்பது டெப்த் பஃபர். துண்டை வரைந்து முடித்ததும் பெரும்பாலும் அந்தக் கணக்கு தேவைப்படாது. ஆனால் வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால் அதையும் வெளி மெமரியில் எழுதி வைக்கும். 1080க்கு 2400 திரை, பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 10 எம்பி. 60 ஃபிரேம் ஓடினால் நொடிக்கு 600 எம்பிக்கு மேல். மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே இவ்வளவு போய்க்கொண்டிருந்தால் பேட்டரி கரையும், போன் சுடும். எங்கள் கேமில் இதே தவறு மூன்று ரெண்டர் பாஸ்களில், அதாவது ஒரு ஃபிரேமை வரைகிற மூன்று கட்டங்களில் இருந்தது. யாருமே திரும்பப் படிக்காத ஒன்றை எழுதி எழுதியே போன் சூடாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வந்து ஏழெட்டு வரி மாற்றினேன். அரை மணி நேரம் ஆடியும் 55க்குக் கீழே இறங்கவில்லை. அந்த டிஷ்யூ பேப்பரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மதியம் மேலாளர் கூப்பிட்டு, மாநாட்டில் எத்தனை விசிட்டிங் கார்டு கிடைத்தது என்று கேட்டார். ஒன்றுதான், அந்தப் புனேக்காரருடையது. மாநாட்டுக்குப் போன மூன்று நாளும் லீவுக் கணக்கில் கழிந்தன. இதை எழுதக் காரணம் அந்த மூன்று நாள் லீவு அல்ல. எனக்குப் பிறகு எங்கள் டீமிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எல்லா உரையும் யூடியூபில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் ஜிடிசி என்ற பெரிய கேம் டெவலப்பர்கள் மாநாட்டின் பழைய உரைகளைப் பார்த்துத்தான் நானே பாதித் தொழில் கற்றேன். ஆனால் மேடையில் பேசுபவர் சரியாக வந்ததைத்தான் சொல்வார். எது சரியாக வரவில்லை, எதைத் தூக்கிப் போட்டோம் என்பதெல்லாம் உரை முடிந்து வராந்தாவில் சுற்றி நின்று கேட்டால்தான் வரும். ஜிடிசியில் ரவுண்ட்டேபிள் என்று வட்டமாக உட்கார்ந்து பேசுகிற அமர்வுகள் உண்டு. மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதால் பொதுவாக அவற்றைப் பதிவு செய்வதில்லை. அந்த மாநாடு பிறந்ததே அப்படித்தான். 1988ல் கிறிஸ் கிராஃபோர்ட் என்ற கேம் வடிவமைப்பாளர் சான் ஹோசேயில் தன் வீட்டு ஹாலில் ஏறக்குறைய 27 பேரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசியதுதான் தொடக்கம். வந்தவர்கள் கேம் செய்கிறவர்கள்.

அப்புறம், ஜிடிசிக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. போன சில வருடங்களில் முழு டிக்கெட் மட்டுமே 2,000 டாலரைத் தாண்டியது. அதற்கு மேல் விசா, விமானம், ஹோட்டல். 15 பேர் இருக்கிற ஸ்டூடியோவுக்கு அது கட்டுப்படியாகாது, எனக்கும் தெரியும். ஆனால் 2025 நவம்பரில் ஐஜிடிசி நம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கே வந்தது. ஆலந்தூரில் மெட்ரோ இறங்கி ஆட்டோ பிடித்தால் வாசலில் விடுவார்கள். அப்போதும் எனக்குத் தெரிந்த ப்ரோகிராமர்களில் பாதிப் பேர், அந்த வாரம் பில்டு (கேமின் ஓடுகிற பதிப்பு) கொடுக்க வேண்டும் என்று ஓஎம்ஆரில் தங்கள் சீட்டிலேயே இருந்தார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்தும் போக முடியவில்லை என்றால் வேறு எப்போது போவார்கள்?

நீங்கள் வெளியே சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது: ஆளை அனுப்பினால் வேறு கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும். போகிறவரை யாராலும் நிறுத்த முடியாது. அதற்கு மாநாடு தேவையே இல்லை, கையில் இருக்கிற போன் போதும். என் அனுபவத்தில், கற்றுக்கொள்ள வழியில்லை என்று நொந்து வேலையை விட்டவர்கள்தான் அதிகம்.

கேட்க இன்னொன்று உண்டு. அனுப்புவதோடு, அவர்களைப் பேசவும் விடுங்கள். 2011 ஜிடிசியில், ஹேலோ ரீச் என்ற சண்டைக் கேமைச் செய்த பஞ்ஜி ஸ்டூடியோவின் டேவிட் ஆல்ட்ரிட்ஜ், பலர் இணையத்தில் சேர்ந்து ஆட உதவும் அதன் நெட்வொர்க்கைப் பற்றிப் பேசினார். அதில் கையெறிகுண்டு வீசுகிற பகுதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டனை அழுத்தி, சர்வர் சரி சொன்ன பிறகுதான் கை அசையும் என்றால் ஆடுபவருக்கு மந்தமாக இருக்கும். சர்வரைக் கேட்காமலே குண்டு பறக்கும் என்றால் ஏமாற்றுகிறவருக்கு வழி திறந்துவிடும். அவர்கள் கையை உடனே அசைய விட்டார்கள். குண்டு கையைவிட்டுக் கிளம்புவதை மட்டும் சர்வரிடம் கொடுத்தார்கள். தாமதம் அந்த வீச்சு அசைவுக்குள்ளேயே மறைந்துவிட்டது. என்ன அழகான யோசனை! முதலில் செய்து பார்த்துச் சரிவராத வழிகளையும் சேர்த்தே அவர் சொன்னார். அவ்வளவு பெரிய ஸ்டூடியோ தன் வேலையை இப்படி விரித்துக் காட்ட அனுமதித்தது. அதைப் பார்த்துத்தான் என் முதல் மல்டிபிளேயர் கேமில் கிரிக்கெட் பந்து வீச்சை எழுதினேன்.

இங்கே என்ன நடக்கிறது? என் சக ப்ரோகிராமர் ஒருவர், ஆடியது வரை சேமித்து வைக்கும் சேவ் ஃபைல் கெட்டுப்போகாமல் காப்பாற்றிய கதையை ஒரு மாநாட்டில் பேச அனுமதி கேட்டார். அது யாருடைய வியாபார ரகசியமும் இல்லை. அந்தக் கோரிக்கை ஒவ்வொரு மேசையாக நகர்ந்து நகர்ந்து நான்கு மாதம் ஆனது. அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை.

எனவே, அடுத்த மாநாட்டுக்குப் பட்டியல் போடும்போது ஒரு ப்ரோகிராமர் பெயரையும் எழுதுங்கள். அந்த நாட்களை வேலை நாட்களாகவே கணக்கில் வையுங்கள். திரும்பி வந்ததும் கார்டை எண்ணாமல், டீம் முன்னால் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். சீனியர்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. யாரை அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் பக் (பிழை) பட்டியலைத் திறந்து, ரொம்ப நாளாக மூடாமல் கிடக்கிறது எது என்று பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறதோ, அவரை அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு கேம் ப்ரோகிராமர், சென்னை